ஆற்றங்கரைச் சிற்றூரில் கழிவுநீர் நிலைய வேலை: புதிதாக வருகிறவர்களுக்கு

புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நிலையத்தைச் சுற்றிக் காட்டுகிற எல்லோரும் சல்லடையில் இருந்துதான் தொடங்குவார்கள். அழுக்குத் தண்ணீர் நுழைகிற இடத்தில் ஆரம்பித்து தொட்டி தொட்டியாகக் கூட்டிப்போய், கடைசியில் ஆற்றங்கரைக்கு வரும்போது வெயில் ஏறியிருக்கும், காட்டுகிறவருக்கும் அலுத்துப் போயிருக்கும், "இங்கேதான் வெளியே போகுது" என்று கையை நீட்டிவிட்டுத் திரும்பிவிடுவார். எனக்கும் அப்படித்தான் காட்டினார்கள். அந்தக் குழாய் வாயில் நின்று ஆற்றை ஒழுங்காகப் பார்க்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது. அதனால் இங்கே தலைகீழாகப் போகப் போகிறேன்: ஆற்றில் தொடங்கி, ஒவ்வொரு தொட்டியாகப் பின்னோக்கி நடந்து, ஊருக்குள் இருக்கும் குழாய் வரைக்கும்.

நான் சொல்வது சில ஆயிரம் பேரில் இருந்து இருபது முப்பதாயிரம் பேர் வரை உள்ள ஊருக்கு; காற்றடித்து நுண்ணுயிர் வளர்க்கிற வகை நிலையத்துக்கு. குளம் வெட்டி வெயிலில் விடுகிற வகை என்றால் பல விஷயம் மாறும், அதைக் கடைசியில் கொஞ்சம் தொடுகிறேன்.

முதலில் உயிர்

படிகளெல்லாம் அப்புறம். எந்தக் குழிக்குள்ளும், மூடிய தொட்டிக்குள்ளும், பம்புக் கிணற்றுக்குள்ளும் இறங்காதீர்கள். ஒரு நிமிட வேலைதான் என்று யார் சொன்னாலும் சரி, மேலதிகாரியே சொன்னாலும் சரி. கழிவுநீர் காற்றில்லாமல் கிடக்கும் இடத்தில் ஹைட்ரஜன் சல்ஃபைடு உண்டாகும். அழுகின முட்டை நாற்றம், மிகக் கொஞ்சமாக இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். ஏமாற்று அதில்தான் இருக்கிறது: பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்துப்போகிறது, நாற்றம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்வோம், ஆள் விழுவது அதற்கப்புறம். காற்றைவிடக் கனமானதால் அடியில் தங்கும். மேலே நின்று முகர்ந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலால் கசடைக் கலக்கினால் பொங்கி வரும். ஒருவர் விழுந்ததும் காப்பாற்றப் போன இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் அதே குழியில் செத்துப்போன கதை இந்தத் தொழில் இருக்கிற எல்லா நாட்டிலும் உண்டு. உள்ளே போயே ஆகவேண்டிய வேலை என்றால் அது பயிற்சி பெற்ற குழுவின் வேலை: வாயு அளக்கும் கருவி (ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் யாரும் இறங்கக் கூடாது), காற்றோட்டம், மேலிருந்து இழுத்துத் தூக்கும் கயிறும் முக்காலியும், மேலே நிற்க ஆள். இதில் ஒன்று இல்லையென்றாலும் வேலை நாளைக்கு.

அப்புறம், காற்றடிக்கிற தொட்டியில் நீச்சல் தெரிந்தவரும் மிதப்பது கஷ்டம், ஏனென்றால் குமிழி நிறைந்த தண்ணீருக்கு ஆளைத் தாங்கும் கனம் குறைவு. கைப்பிடிக் கம்பி, மிதவை வளையம் இரண்டும் எங்கே இருக்கின்றன என்று முதல் நாளே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். டெட்டனஸ், ஹெபடைடிஸ் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். எலிக் காய்ச்சலும் இந்த வேலையோடு வருகிற நோய்தான், கையில் வெட்டுக்காயத்தோடு வெறுங்கையாகக் கசடைத் தொடாதீர்கள்.

படி 1: வெளியேறும் குழாய் அருகே நில்லுங்கள்

காலை வெளிச்சத்தில் குழாய் வாய்க்குக் கொஞ்சம் மேல்பக்கம் ஒருமுறை, கொஞ்சம் கீழ்பக்கம் ஒருமுறை நின்று பாருங்கள். நிறம், நாற்றம், நுரை, கல்லின் மேல் படிந்திருப்பது. கீழ்பக்கக் கற்களில் சாம்பல் நிறத்தில் பஞ்சு மாதிரி ஏதாவது ஒட்டி ஆடுகிறதென்றால், நேற்று எடுத்த பரிசோதனை முடிவு என்ன சொன்னாலும் நிலையம் பல வாரமாகச் சரியாக ஓடவில்லை என்று பொருள். அது கரிமக் கழிவைத் தின்று வளரும் நுண்ணுயிர்க் கூட்டம், ஒரே ராத்திரியில் வந்துவிடாது.

மாதிரி எடுக்கும்போது நீரோட்டத்தைப் பார்த்து நின்று, பாட்டில் வாயை வருகிற தண்ணீரின் பக்கம் திருப்பி எடுங்கள், காலால் கலக்கிய சேறு உள்ளே வராது. எப்போதும் ஒரே நேரத்தில் எடுங்கள். ஆற்றில் பாசி இருந்தால் அது பகலில் ஆக்சிஜனை விடும், ராத்திரி முழுக்க உறிஞ்சும். விடிவதற்கு முன்னால்தான் அளவு மிகக் குறைவு. மத்தியானம் எடுத்த நல்ல எண்ணை வைத்துக்கொண்டு ஆறு நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. கழிவு விழுந்த இடத்திலேயே ஆக்சிஜன் பாதாளத்துக்குப் போய்விடாது. ஆற்றிலுள்ள பாக்டீரியா அதைத் தின்னத் தின்ன, ஓடுகிற தூரத்தோடு ஆக்சிஜன் மெல்ல இறங்கி, ஓரிடத்தில் அடித்தட்டி, பிறகு காற்றில் இருந்து கரைந்து மறுபடி ஏறும். 1925-ல் ஸ்ட்ரீட்டர், ஃபெல்ப்ஸ் என்ற இருவர் அமெரிக்காவின் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து இந்தத் தொய்வைக் கணக்காக எழுதினார்கள். நமக்கு அதில் வேண்டியது ஒன்றுதான்: உங்கள் குழாய்க்குப் பக்கத்தில் மீன் துள்ளுகிறது என்பதால் சில கிலோமீட்டர் கீழேயும் துள்ளும் என்று அர்த்தமில்லை. சூடும் சேர்ந்தால் மோசம். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடிக்கும், 30 டிகிரியில் ஏழரைதான். ஆறு வற்றி, தண்ணீர் சூடேறி, பாக்டீரியாவின் வேகமும் கூடியிருக்கிற அந்த மாதங்களில்தான் நீங்கள் விடுகிற ஒவ்வொரு கிலோவுக்கும் ஆறு அதிக விலை கொடுக்கிறது.

படி 2: கணக்கை ஒரே தாளில் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள்

பி.ஓ.டி. என்ற சொல்லை நாள் முழுக்கக் கேட்பீர்கள். தண்ணீரிலுள்ள கழிவைத் தின்ன பாக்டீரியாவுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்கிற அளவு, 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்ப்பது. 5 நாள்! அதாவது முடிவு கைக்கு வரும்போது அந்தத் தண்ணீர் எப்போதோ போயிருக்கும். இதை மறக்காதீர்கள், பின்னால் தேவைப்படும்.

ஒரு எடுத்துக்காட்டு. ஊரில் 10,000 பேர், ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 லிட்டர் என்றால் 2,000 கன மீட்டர் வரும். ஐரோப்பாவில் ஆளுக்கு 60 கிராம் பி.ஓ.டி. என்று கணக்கு வைத்திருக்கிறார்கள், அதையே எடுத்துக்கொள்வோம்: 600 கிலோ. வகுத்தால் லிட்டருக்கு 300 மில்லிகிராம். நிலையம் அதை 20-க்குக் கொண்டுவந்தால் ஆற்றுக்குப் போவது 40 கிலோ.

இந்த 20 எங்கிருந்து வந்தது? பிரிட்டனில் ஒரு ராயல் கமிஷன் 1912-ல் சொன்னது: பி.ஓ.டி. 20, தண்ணீரில் கரையாமல் கலந்து நிற்கும் திண்மம் 30, ஆற்றில் குறைந்தது 8 மடங்கு தண்ணீர் இருந்தால். அந்த எட்டு மடங்கை விட்டுவிட்டு இருபதை மட்டும் உலகம் பிடித்துக்கொண்டது என்று எனக்கு அடிக்கடி தோன்றும். நம் எடுத்துக்காட்டில் போட்டுப் பாருங்கள். ஆறு விநாடிக்கு 200 லிட்டர் ஓடுகிறது, அதன் பி.ஓ.டி. 2 என்றால், கலந்த பிறகு 4-க்குச் சற்றுக் கீழே நிற்கும், ஆறு தாங்கிக்கொள்ளும். அதே ஆறு வற்றி விநாடிக்கு 50 லிட்டராக ஓடுகிறபோது, நீங்கள் அதே 20-ஐத்தான் விடுகிறீர்கள், ஒரு தப்பும் செய்யவில்லை, ஆனால் கலந்த பிறகு 7.7. காகிதத்தில் தேர்ச்சி, ஆற்றில் நாற்றம். உங்கள் அனுமதிப் பத்திரத்தில் என்ன எண் இருக்கிறதோ அது சட்டம், அதைத் தாண்டக் கூடாது; ஆனால் ஆற்றின் ஓட்டம் குறைகிற மாதத்தில் அந்த எண்ணுக்கு எவ்வளவு கீழே போக முடியும் என்று பார்ப்பதும் உங்கள் வேலைதான்.

படி 3: கிருமி நீக்கம்

ஒரு படி பின்னால் வந்தால் குளோரின் தொட்டி, அல்லது புற ஊதா விளக்கு. குளோரின் என்றால் குறைந்தது அரை மணி நேரம் தண்ணீர் அதனோடு இருக்க வேண்டும், மிஞ்சிய குளோரினை ஆற்றில் விடுமுன் போக்க வேண்டும். மீனுக்கு அது மிகச் சிறிய அளவிலேயே விஷம். விளக்கு என்றால் கண்ணாடி உறையைத் துடைத்துக்கொண்டே இருங்கள், கலங்கல் தண்ணீரில் ஒளி ஊடுருவாது, எரிகிற விளக்கை வெறுங்கண்ணால் பார்க்கவே கூடாது.

குளோரின் வைத்திருப்பவர்களுக்கு யாரும் முதலில் சொல்லாத ஒன்று. திடீரென்று ஒருநாள் எவ்வளவு குளோரின் போட்டாலும் மிச்சமே காட்டாது. பம்பு கெட்டதா, மருந்து பழையதா என்று எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பார்கள். பெரும்பாலும் குற்றவாளி நைட்ரைட். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிற பாக்டீரியாவின் வேலை பாதியில் நின்றால் நைட்ரைட் தங்கிவிடும், அதில் ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனும் 5 மில்லிகிராம் குளோரினை விழுங்கும். கோளாறு குளோரின் அறையில் இல்லை, காற்றுத் தொட்டியில் இருக்கிறது. இந்த நிலையத்தில் பெரும்பாலான கோளாறுகள் இப்படித்தான், தெரிகிற இடத்துக்கு ஒரு தொட்டி முன்னால்.

படி 4: தெளிவுத் தொட்டியின் ஓரத்தில் குனிந்து பாருங்கள்

வட்டத் தொட்டி, நடுவில் காற்றுத் தொட்டியின் கலங்கல் நுழையும், கசடு, அதாவது கழிவைத் தின்று வளர்ந்த நுண்ணுயிர்க் கூட்டம், அடியில் இறங்கும், தெளிந்தது ஓரத்துப் பல் விளிம்பு வழியாக வழியும். அந்த விளிம்பு சுற்றிலும் ஒரே மட்டமாக வழிகிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அதிகம் வழிந்தால் அந்தப் பக்கம் கசடையும் இழுத்துக்கொண்டு போகும். பிறகு ஒரு ஒளி ஊடுருவும் குழாயை அடிவரைக்கும் விட்டு எடுத்து, கசடுப் படுகை எவ்வளவு உயரம் நிற்கிறது என்று தினமும் அளந்து எழுதுங்கள்.

கசடு கட்டி கட்டியாக, பக்கத்தில் சின்னக் குமிழிகளோடு மேலே மிதந்து வந்தால், அடியில் அதிக நேரம் கிடந்து நைட்ரேட்டில் இருந்து நைட்ரஜன் வாயு கிளம்பித் தூக்குகிறது. கசடைக் காற்றுத் தொட்டிக்குத் திரும்ப அனுப்புகிற பம்பின் வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். கறுப்பாக, நாற்றத்தோடு வந்தால் எங்கோ அடிக்கசடை வாருகிற சுரண்டிக் கருவி ஓடாமல் கசடு அழுகிக் கிடக்கிறது. தண்ணீர் தெளிவாக இருந்து ஊசிமுனை மாதிரி துகள்கள் மட்டும் போனால் கசடுக்கு வயதாகிவிட்டது, அதாவது வெளியே எடுக்காமல் அதிக நாள் உள்ளேயே சுற்றுகிறது. மொத்தமும் பால் கலந்த மாதிரி மங்கலாக இருந்தால் கசடு இளசு, இல்லையென்றால் காற்று போதவில்லை, இல்லையென்றால் யாரோ எதையோ சாக்கடையில் கொட்டியிருக்கிறார்கள்.

படி 5: அரை மணி நேர ஜாடி

எனக்கு ஒரே ஒரு சோதனைதான் அனுமதி என்று யாராவது சொன்னால் இதைத்தான் எடுத்துக்கொள்வேன். பி.ஓ.டி. வர 5 நாள், இதற்கு 30 நிமிடம்.

காற்றுத் தொட்டியின் கடைசி முனையில் இருந்து ஒரு லிட்டர் கலங்கல் எடுங்கள், வாளியில் எடுத்து வெயிலில் வைத்துவிட்டு ஃபோன் பேசப் போகாமல் உடனே அகன்ற வாயுள்ள அளவு ஜாடியில் ஊற்றி, மெதுவாக ஒரு கலக்குக் கலக்கி, அசையாத மேசையில் வையுங்கள். முதல் 5 நிமிடம் பக்கத்திலேயே நில்லுங்கள். எல்லோரும் அரை மணி கழித்து வந்து ஒரு எண்ணை எழுதிவிட்டுப் போகிறார்கள். கதை நடப்பது முதல் 5 நிமிடத்தில். துகள்கள் ஒன்றோடொன்று கைகோத்து, பெரிய பெரிய மொத்தைகளாகி, ஒரு கம்பளி இறங்குகிற மாதிரி சேர்ந்து இறங்கி, மேலே கண்ணாடி மாதிரித் தண்ணீரை விட்டுப்போனால் நிலையம் ஆரோக்கியம். கல் மாதிரித் தொப்பென்று விழுந்து மேலே தூசியாக விட்டால் கிழட்டுக் கசடு. இறங்க மனமில்லாமல் தொங்கிக்கொண்டே இருந்தால் அதற்கு இரண்டு காரணம் இருக்கலாம், அவற்றைப் பிரிக்கத் தெரிந்தவர்தான் இந்த வேலையில் தேர்ந்தவர்.

பிரிக்கிற வழி எளிது. இரண்டாவது ஜாடியில் பாதிக் கலங்கல், பாதி நிலையத்தின் தெளிந்த தண்ணீர். இதுவும் அரை மணி. நீர்த்த ஜாடி சட்டென்று நன்றாக இறங்கினால், கசடு நல்ல கசடுதான், அளவு அதிகமாகிவிட்டது, வெளியே எடுக்க வேண்டும். நீர்த்த பிறகும் தொங்கினால் நூல் மாதிரி வளரும் பாக்டீரியா பெருகிவிட்டது. துகளுக்குத் துகள் முட்டுக்கொடுத்து நெருங்க விடாது. காரணம் பெரும்பாலும் காற்றுக் குறைவு, அல்லது அழுகிய நிலையில் வந்து சேரும் கழிவு, அல்லது சத்துப் பற்றாக்குறை, அல்லது எண்ணெய்ப் பிசுக்கு. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நூல் வளர்ந்த கசடை அளவு அதிகம் என்று நினைத்து நாள்கணக்கில் வெளியே எடுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் தொட்டியில் பாக்டீரியாவே மிஞ்சாத நிலைக்கு ஒருமுறை கொண்டுபோயிருக்கிறேன். திரும்ப வளர்க்க ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

எண்ணாகவும் எழுதுங்கள். அரை மணியில் கசடு 300 மில்லிலிட்டரில் நிற்கிறது, தொட்டியின் எம்.எல்.எஸ்.எஸ்., அதாவது கலங்கலிலுள்ள திண்மம், லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்றால், 300-ஐ ஆயிரத்தால் பெருக்கி 3,000-ஆல் வகுக்க 100 வரும். இதுதான் எஸ்.வி.ஐ., கசடு எவ்வளவு நெருங்கிப் படிகிறது என்று காட்டும் எண். நூற்றுக்குப் பக்கத்தில் நிம்மதி, 150-ஐத் தாண்டினால் கவனம், 200 என்றால் ராத்திரித் தூக்கம் போச்சு. ஜாடியை அரை மணியோடு கொட்டிவிடாமல் இரண்டு மணி நேரம் விட்டுவையுங்கள். அதற்குள் கசடு மேலே எழும்பி வந்துவிட்டால், தெளிவுத் தொட்டியிலும் நாளைக்கு அதுதான் நடக்கப் போகிறது.

மைக்ரோஸ்கோப் இருந்தால் அதிர்ஷ்டம். காம்பில் மணி கட்டின மாதிரி நிற்கிற வோர்டிசெல்லா நிறைய இருந்தால் நல்ல நாள். வால் ஆட்டிக்கொண்டு ஓடும் சின்ன உயிர்கள் மட்டும் இருந்தால் கசடு இளசு. ரோட்டிஃபர் என்ற நுண்ணிய விலங்கும் புழுவும் கூடினால் வயதாகிறது.

படி 6: காற்றுத் தொட்டி, அதிலிருந்து எவ்வளவு எடுப்பது

1914-ல் மான்செஸ்டரில் ஆர்டெர்ன், லாக்கெட் என்ற இருவர் கழிவுநீரில் காற்றை ஊதிச் சுத்தம் செய்து பார்த்தார்கள். முதலில் வாரக்கணக்கில் ஆயிற்று. அடியில் தங்கிய கசடைக் கொட்டாமல் வைத்துக்கொண்டு அதன் மேலேயே புதுக் கழிவை ஊற்றி மறுபடி ஊத, தடவைக்குத் தடவை நேரம் குறைந்து, கடைசியில் ஒரு நாளுக்குள் முடிந்தது. கசடுதான் வேலைக்காரன் என்று அன்றைக்குத் தெரிந்தது. உங்கள் நிலையத்தில் தெளிவுத் தொட்டியின் அடியில் இருந்து காற்றுத் தொட்டிக்கு ராப்பகலாக ஓடுகிற அந்தத் திரும்பு பம்பு செய்வதும் அதையேதான். அது நின்றால் சில மணி நேரத்தில் வேலைக்காரர்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போய்விடுவார்கள்.

தொட்டி ஆழ்ந்த பழுப்பு நிறத்தில், ஈர மண் வாசனையோடு இருக்க வேண்டும். கறுத்தால் காற்றில்லை. கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவில் போதும். நான்கு, ஐந்து என்று காட்டினால் மின்சாரத்தை ஊதிக்கொண்டிருக்கிறீர்கள், நிலையத்தின் மின்செலவில் பாதியோ அதற்கு மேலோ காற்றை ஊதும் புளோயருக்குத்தான் போகிறது. வெள்ளை நுரை பொங்கினால் கசடு இளசு, பெரும்பாலும் புதிதாகத் தொடங்கிய நிலையத்தில் பார்க்கலாம். பழுப்பாக, பிசுபிசுப்பாக, கரண்டியால் அள்ளும்படி நுரை நின்றால் பழைய கசடும் எண்ணெய்ப் பிசுக்கும். அதைத் தண்ணீர் பீய்ச்சி மறுபடி தொட்டிக்குள்ளேயே தள்ளாதீர்கள், வழித்து வெளியே எடுங்கள்.

பி.எச். இறங்கிக்கொண்டே போகிறதா? அம்மோனியாவை மாற்றும் வேலை தண்ணீரின் காரத்தன்மையைத் தின்கிறது, 1 மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனுக்குச் சுமார் 7 மில்லிகிராம். சுண்ணாம்பு வாங்க ஓடுவதற்கு முன்னால், வடிவமைப்பு இடம் கொடுத்தால் புளோயரை அவ்வப்போது ஒரு மணி நேரம் நிறுத்தி ஓட்டிப் பாருங்கள். காற்றில்லாத அந்த நேரத்தில் பாக்டீரியா நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும், போன காரத்தன்மையில் பாதி திரும்பி வரும், மின்சாரமும் மிச்சம்.

எவ்வளவு கசடு எடுப்பது என்பதுதான் உங்கள் கையில் உண்மையாக இருக்கிற ஒரே கடிவாளம். நம் ஊர்க் கணக்கையே தொடர்வோம். தொட்டி 2,000 கன மீட்டர், அதாவது வருகிற தண்ணீர் ஒரு முழு நாள் தங்கும், சின்ன ஊருக்கு இந்த வகைதான் வழக்கம். திண்மம் லிட்டருக்கு 3,000 மில்லிகிராம் என்றால் தொட்டிக்குள் 6,000 கிலோ. கசடுக்கு 25 நாள் வயது வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு இருபத்தைந்தில் ஒரு பங்கு, 240 கிலோ வெளியேற வேண்டும். அடிக்கசடு லிட்டருக்கு 8,000 மில்லிகிராம் அடர்த்தி என்றால் 30 கன மீட்டர். தெளிந்த தண்ணீரோடு தப்பிப் போகிற கொஞ்சத்தைக் கழித்துக்கொள்ளலாம். இதைத் தினமும், முடிந்தால் நாள் முழுக்கப் பரவலாக எடுங்கள். வெள்ளிக்கிழமை ஒரேயடியாக எடுத்துவிட்டு விடுமுறைக்குப் போகிற பழக்கம் நிறைய இடத்தில் உண்டு, திங்கட்கிழமை தொட்டியைப் பார்த்தாலே தெரியும். மாற்ற வேண்டுமென்றால் ஒரு நாளைக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் மாற்றாதீர்கள், ஒரே நேரத்தில் இரண்டு விஷயத்தை மாற்றாதீர்கள். 25 நாள் வயதுள்ள கசடு நீங்கள் இன்று செய்ததற்கு நாளைக்கே பதில் சொல்லாது.

படி 7: சல்லடை, மணல்

சல்லடையில் சிக்குவதை அள்ளுங்கள், துணியும் ஈரத்துடைப்பானும் தப்பிப்போய்ப் பம்பில் கயிறாக முறுக்கிக்கொள்ளும். மணல் கால்வாயில் வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர்: கூடினால் மணல் உள்ளே போகும், குறைந்தால் மலக்கழிவும் மணலோடு படிந்து நாறும். அவ்வளவுதான்.

படி 8: ராத்திரி மூன்று மணித் தண்ணீர்

இப்போது நிலையத்தைத் தாண்டி ஊருக்குள் வந்துவிட்டோம். மழையில்லாத ஒரு நாளில், பின்னிரவு மூன்று மணிக்கு, எவ்வளவு தண்ணீர் வருகிறது என்று மீட்டரைப் பாருங்கள். ஊர் தூங்குகிறது, குளிக்கிறவர் இல்லை, துவைக்கிறவர் இல்லை. அப்போது வருவதில் பெரும்பங்கு கழிவே இல்லை, விரிசல் விட்ட குழாய் வழியாக உள்ளே கசிகிற நிலத்தடி நீர். ஆற்றங்கரை ஊரில் கழிவுநீர்க் குழாயின் தாழ்ந்த பகுதி ஆற்றோரமாகத்தான் போகும், ஏனென்றால் தண்ணீர் பள்ளத்துக்குத்தானே ஓடும். ஆறு ஏறும்போது அந்த மண்ணும் ஊறும்.

அதனால் இந்த மூன்று மணி எண்ணை ஆற்று மட்டத்தோடு சேர்த்து ஒரு வருடம் எழுதி வாருங்கள். இரண்டும் சேர்ந்து ஏறி இறங்கினால், மழை பெய்யாத நாளிலும் அப்படியே என்றால், ஆற்றோரக் குழாய் ஓட்டை. மழை பெய்த ஒரு மணி நேரத்தில் எகிறி, நின்றதும் சட்டென்று இறங்கினால், கூரைத் தண்ணீரையோ தெரு வடிகாலையோ யாரோ சாக்கடையில் சேர்த்திருக்கிறார்கள். முன்னது பழுது பார்க்கிறவர்களின் வேலை, பின்னது வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற வேலை. எந்தப் பகுதி என்று தெரியாமல் ஊர் முழுக்கத் தோண்டச் சொல்கிறவர்களிடம் இந்தக் குறிப்பேட்டைக் காட்டுங்கள்.

படி 9: ஆறு ஏறும் நாள்

வருடத்தில் சில நாள்தான், ஆனால் மற்ற எல்லா நாளின் உழைப்பையும் அது ஒரே ராத்திரியில் கழுவிக்கொண்டு போகும். வருகிற தண்ணீர் மூன்று நான்கு மடங்காகும். தெளிவுத் தொட்டியில் கசடு இறங்க நேரமில்லாமல் விளிம்பைத் தாண்டும். அதே நேரம் வெளியேறும் குழாய் வாய் ஆற்றுக்குள் மூழ்கியிருக்கும், தண்ணீர் வெளியே போவதும் தாமதிக்கும்.

பருவத்துக்கு முன்னால்: குழாய் வாயில் இருக்கும் ஒருவழிக் கதவைக் கையால் தூக்கிவிட்டுப் பாருங்கள், ஒரு மரக்கட்டை செருகியிருந்தாலும் ஆறு உள்ளே வந்துவிடும். மின்சாரப் பலகைகள் பழைய வெள்ளக் குறியைவிட உயரத்தில் இருக்கின்றனவா? ஜெனரேட்டரில் எண்ணெய் மட்டுமில்லை, பாட்டரிக்கும் உயிர் இருக்கிறதா? ஆற்றோர ஆளிறங்கு குழி மூடிகள் இறுக்கமா? கசடைக் கொஞ்சம் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள், படுகை தாழ்வாக இருந்தால் தப்பிப்பதும் குறைவு.

வெள்ளம் வந்த பிறகு கையில் இருப்பது கொஞ்சம்தான். தண்ணீர் நீர்த்து வருவதால் கழிவின் அடர்த்தி குறைவு. அந்தத் தைரியத்தில் சில நிலையங்களில் காற்றுத் தொட்டியின் ஒரு பகுதியில் புளோயரை நிறுத்திக் கசடை அங்கேயே அடியில் தங்க விடுவார்கள், அலை கடந்ததும் மறுபடி ஊதுவார்கள். உங்கள் தொட்டிக்கு இது ஒத்துவருமா என்று வடிவமைத்தவர்களிடம் வெயில் நாளில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நள்ளிரவில் முயன்று பார்க்காதீர்கள். பம்பு நிலையத்தில் கழிவு வழிந்து ஆற்றில் சேர்ந்தால் நேரத்தையும் எவ்வளவு நேரம் என்பதையும் எழுதி, யாருக்குச் சொல்ல வேண்டுமோ உடனே சொல்லுங்கள். கீழே தண்ணீர் எடுக்கிற ஊர் இருக்கும். மறைத்துவிட்டால் பிறகு அவர்கள் பரிசோதனையில் கண்டுபிடிப்பார்கள், அது எல்லாவற்றையும்விட மோசம்.

கசடும் குளமும்

தினம் எடுக்கிற அந்த 30 கன மீட்டரில் திண்மம் நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை, மீதியெல்லாம் தண்ணீர். அடர்த்தித் தொட்டியில் விட்டு 3 சதவீதமாக்கினால் 8 கன மீட்டர்தான். உலர் படுக்கையில் ஒரு சாண் அளவுக்கு ஊற்றி, வெடித்துப் பாளம் பாளமாகப் பிரியும் வரைக்கும் விடுங்கள். பாதி காய்ந்ததன் மேல் புதுசை ஊற்றினால் இரண்டும் காயாது. அடியில் வடிகிற தண்ணீர் சல்லடைக்கே திரும்ப வேண்டும். காய்ந்ததை ஆற்றங்கரையில் குவித்து வைக்காதீர்கள், வெள்ளம் எடுத்துக்கொள்ளும்.

குளம் வகை நிலையம் என்றால் ஜாடிக்குப் பதிலாக நிறம்தான் உங்கள் கருவி. பச்சை என்றால் பாசி ஆக்சிஜன் தருகிறது, நல்லது. சாம்பலாகவோ கறுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ மாறினால் சுமை கூடிவிட்டது. கரைச் செடியை வெட்டிக்கொண்டே இருங்கள், கொசு அங்கேதான். அடியில் எவ்வளவு சேறு ஏறியிருக்கிறது என்று வருடத்துக்கு ஒருமுறை படகில் போய்க் கம்பு விட்டுப் பாருங்கள்.

குறிப்பேட்டில் தினமும் எழுத வேண்டியவை: வந்த தண்ணீர், மூன்று மணி எண், ஜாடி எண், படுகை உயரம், ஆக்சிஜன், எடுத்த கசடு, மழை, ஆற்று மட்டம். அப்புறம் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு, எண்ணாக எழுத முடியாததையும் எழுதுங்கள்: "காலையில் மண்ணெண்ணெய் வாசனை", "நுரை நேற்றைவிடக் கறுப்பு", "கீழ்பக்கம் மீன் இல்லை". ஆறு மாதம் கழித்து ஏதோ கோளாறில் நீங்கள் பக்கங்களைப் பின்னால் புரட்டும்போது, தேடுவது பெரும்பாலும் அந்த ஓரத்தில்தான் கிடைக்கும்.